இஸ்பேட் ஆஸ் யார் கையில்?

அத்தியாயம் 6

12-2-2025, புதன்.

ஒரு சின்னப் பிழை. செங்கமலத்தின் மாடு காணாமல்போனது பற்றி எழுதிய முதல் குறிப்பில், ‘கயிறு முளைக்குச்சிக்குப் பக்கத்தில் கிடந்தது; திருடன் அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்’ என்று எழுதியிருந்தேன். நான் பார்த்து எழுதியதல்ல. செங்கமலத்தின் கணவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இன்று காலை மறுபடி போனபோது, கயிறு வீட்டுக்குள், கதவை ஒட்டிய ஆணியில் சுருட்டித் தொங்கியது. தான் வெளியூர் போய்த் திரும்பி வந்த அன்றே அது அங்கேதான் தொங்கியது என்கிறார் செங்கமலம். யாராவது எடுத்து மாட்டியிருப்பார்கள். முடிவு மாறாது. இருந்தாலும் பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதியது தப்பு.

பொற்கொடி பேனாவை மூடினாள். மூடிய கையோடு மறுபடி திறந்து, ‘தப்பு’ என்பதன் கீழே ஒரு கோடு போட்டாள்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியறைதான் அவளுடைய துப்பறியும் நிலையம். கீழே எவர்சில்வர் அண்டாவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வரும்போதெல்லாம் மேலே நாற்காலி அதிரும். இதுவரை வந்தவை எல்லாம் கல்யாண விசாரணைகள். மாப்பிள்ளை குடிப்பாரா, திருப்பூர் கம்பெனியில் உண்மையிலேயே சூப்பர்வைசர்தானா, இப்படி. முதல்தடவையாக ஒரு திருட்டு வழக்கு. களவுபோனது ஜல்லிக்கட்டுக் காளை.

“என்ன மேடம், இன்னைக்கு என்ன பாவசங்கீர்த்தனம்?” என்று கேட்டான் பெலிக்ஸ்.

அவளுடைய ஒரே உதவியாளன். கட்டுமாவடிக்காரன். படகில் ஏறினால் குமட்டுகிறது என்பதற்காகக் கரையேறித் துப்பறிய வந்தவன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

“கயிறு கிடந்துச்சுன்னு எழுதிட்டேன். தொங்குது.”

“ஆத்தாடி! கிடந்த கயிறு எந்திரிச்சுத் தொங்கிருச்சா? எஸ்.பி. ஆபீசுக்கு ஒரு போனைப் போடுங்க.”

“கிண்டல் பண்ணாத. ஒரு வேலையும் நடக்கல பெலிக்ஸ். நாலா பக்கமும் சுத்தியாச்சு. அந்தக்கா முகத்துல முழிக்கவே முடியல எனக்கு.”

அது உண்மை. காலையில் அன்னவாசல் பக்கத்துக் கிராமத்தில் செங்கமலத்தின் வீட்டுக்குப் போனபோது அவள் தொட்டியிலிருந்து ஊறின பருத்திக்கொட்டையை அள்ளிக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் காரிக்கென்று ஊறப்போடுகிறாள். காரி இல்லை. காலையில் புளித்துப்போய்க் கொட்டுகிறாள். அன்று சாயங்காலம் மறுபடி ஊறப்போடுகிறாள்.

காரி என்பது அவள் கன்றிலிருந்து வளர்த்த கறுப்புக் காளை. நெற்றியில் வெள்ளைச் சுழி. போன வருடம் எந்த வாடிவாசலிலும் ஒருத்தர் கையும் அதன் திமிலில் பட்டதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரிலேயே ஜல்லிக்கட்டு. மாட்டைக் காணோம்.

“ஞாயித்துக்கெழமை அவுக்கணும்னு நான் கேக்கல,” என்றாள் செங்கமலம், டம்ளரை இடது கையால் நீட்டியபடி. வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. படியில் வழுக்கி விழுந்து தோளில் அடி என்று முன்பே சொல்லியிருந்தாள். “உசுரோட இருக்கானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க தாயி. அடிமாட்டு லாரியில ஏத்திட்டாங்களோன்னு நினைச்சா சோறு எறங்க மாட்டேங்குது.”

“கண்டுபிடிச்சுச் சொல்லிருவோம்க்கா,” என்று பொற்கொடி சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் காது மடல்கள் சுட்டன.

அதுதான் அவளுடைய வியாதி. பொய் சொன்னால் காது சிவக்கும். அரைகுறையாகச் சொன்னாலும் சிவக்கும். நிச்சயமில்லாத ஒன்றை நிச்சயம்போலச் சொன்னாலும் சிவக்கும். துப்பறியும் தொழிலில் காது சிவப்பது, சமையல்காரருக்கு அடுப்பைக் கண்டால் பயம் என்பதைப்போல.

செங்கமலத்தின் கணவன் நிலவழகன் வாசலில் நின்று சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். “அவகிட்டயே கேக்காதீங்க மேடம், பாவம். அன்னைக்கு அவ அறந்தாங்கியில விசேசத்துக்குப் போயிருந்தா. நான் வயக்காட்டுல. வந்து பாத்தா மாடு இல்ல. அம்புட்டுதான்,” என்றான். வந்த நாளாக அவன் அதையேதான் சொல்கிறான்.

சந்தேகத்துக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அஜித். புதுக்கோட்டையில் மினி லாரி ஓட்டுபவன். அவனும் காளை வளர்க்கிறான். போன வருடம் அவன் காளை வாசலைத் தாண்டிய உடனே பிடிபட்டது. அடுத்து வந்த காரி சுற்றி நின்றவர்களை விரட்டியடித்தது. ஊரார் எதிரிலேயே அஜித் சொன்னான்: “அடுத்த வருசம் இந்த மாடு இந்த வாசல்ல நிக்குதான்னு பாப்போம்.”

சொன்னது நடந்துவிட்டது. சொன்னவனிடம் லாரியும் இருக்கிறது.

பொற்கொடி அவனை விசாரிக்கப் போன கதையைப் பெலிக்ஸ் இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். வீடு மாற்ற லாரி வேண்டும் என்று பேச்சைத் தொடங்கினாள். அஜித் அவள் காதைப் பார்த்துவிட்டு, “மாட்டு விசயமாத்தான வந்திருக்கீங்க? உள்ள வந்து லாரியத் தேடிப் பாத்துட்டே போங்க,” என்றான்.

“தேடிப் பாத்தீங்களே, அதான் மேடம் எனக்குத் தாங்கல,” என்றான் பெலிக்ஸ் இப்போது. “காளை மாட்டை டூல்ஸ் பாக்ஸ்ல தேடுன மொத ஆளு நீங்கதான்.”

“சாணி கிடக்கான்னு பாத்தேன்டா!”

“சரி, கெளம்புங்க. கிளாசுக்கு நேரமாச்சு. இன்னைக்காவது ஒரு புளியங்கொட்டை மிஞ்சுதான்னு பாப்போம்.”

* * *

அந்த மாலை வகுப்பில் சேர்த்துவிட்டதும் பெலிக்ஸ்தான். பழைய டைப்ரைட்டிங் நிலையம் ஒன்றின் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, சந்தோஷ் என்பவன் போக்கர் கற்றுத்தந்தான். சுற்றுலாக் கப்பலில் சீட்டு மேசை ஊழியனாகப் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அவன் மேசைக்குப் பணம் வரக்கூடாது. அது அவன் போட்ட முதல் சட்டம். பந்தயம் கட்டப் புளியங்கொட்டை. ஆளுக்கு ஒரு குவளை. முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

“மூஞ்சியை மூடிவைக்கக் கத்துக்குங்க மேடம்,” என்று சொல்லித்தான் பெலிக்ஸ் அவளை அனுப்பினான். அஜித்தும் அங்கே வருகிறான் என்று தெரிந்தபிறகு அவள் ஒருநாளும் தவறவிடவில்லை. ஒருநாளும் ஜெயிக்கவும் இல்லை.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்கக் கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோரும் பார்க்க. இரண்டையும் சேர்த்து யாருக்கு நல்ல சேர்க்கையோ அவருக்கு ஜெயம். ஆனால் நல்ல சீட்டு இல்லாதவரும் ஜெயிக்கலாம். குவளையை அப்படியே நகர்த்தி வைத்து, தன்னிடம் பெரிய சீட்டு இருப்பதாக மற்றவரை நம்ப வைத்துவிட்டால், அவர்கள் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பெயர் பிளஃப்.

பொற்கொடி அதைப் பாடமாகப் படித்தாள். எப்போது செய்ய வேண்டும், எப்போது கூடாது, எத்தனை பேர் எதிரில் இருந்தால் வேண்டாம் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தாள். எழுதியது எல்லாம் சரி. காது மட்டும் படிக்கவில்லை.

அன்று மேசையில் நான்கு பேர். சீட்டுப் போட சந்தோஷ். ஆட பொற்கொடி, அஜித், மாட்டுத் தரகர் மதுரைவீரன். பெலிக்ஸ் ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு கட்டணம் இல்லாமல் வேடிக்கை பார்த்தான்.

மதுரைவீரன் ஐம்பதைத் தாண்டிய மனிதர். பிடரிவரை நரை. சந்தையில் விலை பேசும்போது துண்டுக்கு அடியில் விற்பவர் விரலைப் பிடித்தே பேசுபவர். விலை என்னவென்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது, முகத்திலும் தெரியாது. இங்கேயும் அதே துண்டுதான். சீட்டை அதற்கு அடியில் வைத்து ஒருதடவை பார்ப்பார். அப்புறம் கோவில் தூண்மாதிரி உட்கார்ந்திருப்பார்.

நடுவில் விழுந்த ஐந்தில் மூன்று இஸ்பேட். அதில் ஒன்று ராஜா. பொற்கொடியின் கையில் ஆட்டீன் ஏழும் கிளாவர் மூன்றும், அடுப்பெரிக்கக்கூட ஆகாது. ஆனால் பாடம் நினைவுக்கு வந்தது. கையில் இரண்டு இஸ்பேட் இருந்தால் ஐந்தும் ஒரே இனம் ஆகிவிடும். அதில் ஒன்று ஆஸ் என்றால் அதை அடிக்க ஆளில்லை. அந்த ஆஸ் தன்னிடம் இருப்பதுபோல நடிப்பது. சரியான இடம். எதிரில் இரண்டே பேர்.

குவளையைக் கவிழ்த்து எல்லாக் கொட்டைகளையும் நடுவில் தள்ளினாள்.

அஜித் மேசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். துப்பட்டாவால் காதை மூடியிருந்தாள். “சே,” என்று சீட்டைக் கவிழ்த்தான். “என்கிட்ட ராஜா ஜோடி இருக்கு. இருந்தும் பயமா இருக்கு, போங்க.”

பொற்கொடிக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. ஒருத்தன் கவிழ்ந்துவிட்டான்!

“பாக்குறேன்,” என்றார் மதுரைவீரன்.

யோசிக்கவே இல்லை. கொட்டைகளைத் தள்ளிவிட்டுத் துண்டை விலக்கினார். இஸ்பேட் இரண்டு. இஸ்பேட் ஆஸ்.

பெலிக்ஸ் எழுந்து நின்று கும்பிட்டான். “மேடத்தோட குவளை காலி. பாடியை எப்ப எடுக்குறாங்க?”

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? காதைக்கூட மூடியிருந்தேனே!” என்றாள் பொற்கொடி. அழுகை வராத குறை.

“காது எதுக்கு மேடம்?” என்றான் சந்தோஷ், சீட்டைச் சேர்த்தபடி. “இந்தத் தடவை நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க. அஜித் அண்ணன் ராஜா ஜோடியக் கவுத்துட்டாரு பாருங்க. ஆனா நீங்க இருக்குன்னு காட்டுன ஆஸ் அவரு கையில இருக்கு. உங்ககிட்ட அது இல்லன்னு இந்த ஒலகத்துலயே நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். அவருக்கு எப்படிப் பயம் வரும்?”

அவள் தலையை ஆட்டினாள். மனசில் ஏறவில்லை. ஏறியதெல்லாம் ஒன்றுதான்: மறுபடி தோற்றாச்சு.

அடுத்த ஆட்டத்துக்குச் சந்தோஷ் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் முடிவு செய்தாள். சீட்டில் தோற்றால் கொட்டைதான் போகிறது. அஜித்திடம் ஒரே ஒருமுறை சீட்டில்லாமல் பிளஃப் செய்து பார்த்துவிட வேண்டும். நேராகச் சொன்னால் காது சிவக்கும். வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். தினசரி பேசுகிற குரலில். பெலிக்ஸுக்கும் தெரியக் கூடாது. அவன் சிரித்துக் கெடுத்துவிடுவான்.

“பெலிக்ஸ்,” என்றாள், கடன் வாங்கிய புளியங்கொட்டைகளைக் குவளையில் போட்டபடி. “காலையில பைக்குக்கு பெட்ரோல் போட்டுட்டு வந்துரு. விராலிமலை போகணும். செங்கமலத்தக்கா மாடு அங்கிட்டு ஒரு தென்னந்தோப்புல நிக்குதாம். போன் வந்துச்சு.”

அஜித்தின் கையிலிருந்த டீ டம்ளர் பாதியில் நின்றது. நாற்காலி பின்னால் சரிய எழுந்துவிட்டான்.

“காரியா? நெசமாவா? நெத்தியில சுழி இருக்காமா? கால்ல கையில அடி ஒண்ணும் இல்லையே?”

“இ... இல்லையாம்.”

“அப்பாடா!” நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். “ஊர்ல எல்லாப் பயலும் என்னையே பாக்குறான் மேடம். வாய் சும்மா இருக்காம ஒரு வார்த்தை விட்டுட்டேன். அந்தக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியல. லாரி வேணும்னா சொல்லுங்க, நானே ஏத்திக் கொண்டாந்து எறக்குறேன். வாடகை வேணாம்.”

நடிப்பில்லை. இப்படி நடிக்கத் தெரிந்தவன் ராஜா ஜோடியைக் கவிழ்க்கமாட்டான். கையில் இருந்த ஒரே சந்தேகமும் போயிற்று.

“வேற மாடா இருக்கும் தாயி,” என்றார் மதுரைவீரன்.

தலை நிமிரவில்லை. துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார்.

“சுழி இருக்காம்ண்ணே,” என்றாள் பொற்கொடி. காது பற்றிக்கொண்டது.

“சுழி உள்ள கறுப்பு மாடு ஊருக்கு ஒண்ணு நிக்கும். வீணா பெட்ரோல் போடாதீங்க. சீட்டைப் போடு தம்பி.”

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. தலைவலி என்று எழுந்தாள். அதற்கும் காது சிவந்தது.

* * *

படியிறங்கும்போது பெலிக்ஸ் வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் வருவது, பாத்திரக்கடையில் சத்தம் கேட்காததுபோல விபரீதமாக இருந்தது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல மேடம்.” பைக்கை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். “மாடு கிடைச்சிருக்கு. ஊருக்கே சீட்டு மேசையில சொல்றீங்க. அசிஸ்டென்ட்டு நானு, எனக்கும் அங்கதான் சொல்றீங்க. போன் எப்ப வந்துச்சு? சாயங்காலம் பூரா கூடவேதான இருந்தேன்? பரவால்ல. கடலை உரிக்கத்தான் என்னைச் சம்பளத்துக்கு வச்சிருக்கீங்க.”

பொற்கொடி அவனை வெறித்துப் பார்த்தாள்.

“நீ நம்பினியா?”

“எதை?”

“விராலிமலையை.”

“நம்பாம? பெட்ரோல் பங்க் எத்தனை மணிக்குத் திறப்பான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.” சட்டென்று நிறுத்தினான். “இருங்க. பொய்யா அது? நீங்களா சொன்னீங்க? உங்க மூஞ்சியோடயா?”

“நீ நம்பின. அஜித் நம்பினாரு. சந்தோஷும் நம்பி, முகமெல்லாம் சிரிச்சாரு.” அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “ஒருத்தர் மட்டும் நம்பல.”

“அவரு கல்லு மேடம். அவரு எதைத்தான் நம்பியிருக்காரு?”

“கல்லா இருந்தா என்ன? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு நினைக்கணும். அவரு மாட்டுத் தரகர் பெலிக்ஸ். இந்த ஜில்லாவுல காணாமப்போன மாட்டைப் பத்திச் சேதி வந்தா, எந்தத் தோப்பு, யாரு புடிச்சதுன்னு மொதல்ல கேக்க வேண்டிய ஆளு. ஒண்ணுமே கேக்கல. வேற மாடுன்னு சொல்லிட்டாரு. யோசிக்கவே இல்ல.” மேலே பார்த்தாள். “ஆஸுக்கு யோசிக்காத மாதிரியே.”

பெலிக்ஸின் கால் கிக்கரில் அப்படியே நின்றது.

“அது விராலிமலையில இல்லன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஆளு...” என்றான் மெதுவாக.

“ஏன்னா அது அவரு கையில இருக்கு.”

மேலே தகரக் கூரைக்கு அடியில் நாற்காலிகள் நகரும் சத்தம். சிறிது நேரத்தில் மதுரைவீரன் இறங்கி வந்தார். துண்டைத் தோளில் போட்டு, மொபெட்டை எடுத்துத் திருக்கோகர்ணம் பக்கம் திருப்பினார். இவர்களும் பின்னால் போனார்கள். ஊர் எல்லை தாண்டி ஒரு கருவேலங்காட்டு முனையில் மொபெட் நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“வந்தா கூடவே வாங்க. அந்த பைக்கு சத்தத்துக்கு ஒளிஞ்சு வந்து என்ன பிரயோசனம்?”

* * *

கொட்டகையில் ஒரே ஒரு பல்பு. வைக்கோல் போருக்கு அந்தப்பக்கம் மூங்கில் கழி கட்டிய தடுப்பு. அதற்குள் கறுப்பாக ஒரு சுவர் அசைந்தது. வெள்ளைச் சுழி வெளிச்சத்துக்கு வந்தது.

“காரி!” என்று பெலிக்ஸ் ஆசையாக ஒரு அடி எடுத்து வைத்தான்.

தடுப்பு அதிர்ந்தது. கொம்பு மூங்கிலை இடித்த சத்தத்தில் பல்பே ஆடியது. பெலிக்ஸ் வைக்கோல் போருக்கு எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“கிட்டக்கப் போகாத தம்பி. வந்த நாளா என்னையும் அண்ட விடல,” என்றார் மதுரைவீரன்.

“நீங்க திருடன்னு நான் நினைக்கலண்ணே,” என்று பொற்கொடி தொடங்கினாள். காது சிவந்தது. “நினைச்சேன். பத்து நிமிசமா நினைச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.”

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. “திருடல. வாங்குனேன்.”

“யார்கிட்ட?”

“அதைச் சொல்றதில்ல. துண்டுக்குள்ள பேசுனது துண்டோட. நாளைக்குச் சாயங்காலம் தேனியிலருந்து வண்டி வருது. அவங்க வாடிக்கு விடுறவங்க, அடிமாட்டுக்காரங்க இல்ல. நல்லா வச்சுப்பாங்க.”

“களவு மாட்டை வாங்குனேன்னு போலீஸ்ல...” என்று வைக்கோல் மேலிருந்து பெலிக்ஸ் குரல் கொடுத்தான்.

“களவு மாடு இல்ல. எறங்கு மொதல்ல.”

பொற்கொடி மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு கண்முன் நிற்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. எதிரில் அதே தூண். அவரை அசைக்க அவளிடம் சீட்டும் இல்லை, காதும் ஒத்துழைக்காது.

காளையின் கழுத்தில் கிடந்த கயிறு பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. இன்னும் சாணி படாத கயிறு.

“புது மாப்பிள்ளைக்குப் புதுக் கயிறா?” என்றான் பெலிக்ஸ், சட்டையைத் தட்டிக்கொண்டே.

“வாங்குறவன் புதுக் கயிறு கொண்டாந்துதான் புடிச்சுட்டு வரணும். பழசு வித்த வீட்டோட நிக்கும். வீட்டு லட்சுமியக் கயித்தோட அவுத்துக் குடுக்க மாட்டாங்கல்ல? சந்தையில இதுதான் வழக்கம். கட்டுமாவடியில மீனுக்குக் கயிறு கட்ட மாட்டீங்க, உனக்கு என்ன தெரியும்?”

பழசு வித்த வீட்டோட நிக்கும்.

பொற்கொடிக்கு அந்த ஆணி கண்ணுக்குள் வந்தது. கதவை ஒட்டிய ஆணி. சுருட்டித் தொங்கிய கயிறு. அவசரத்தில் ஓடும் திருடன் முடிச்சை அவிழ்ப்பானா? அவிழ்த்த கயிற்றைச் சுருட்டுவானா? சுருட்டியதை வீட்டுக்குள் போய் மாட்டுவானா? முளைக்குச்சிக்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொன்னது யார்? அவசரத் திருடன் என்று சொன்னது யார்? அவள் எழுதிக்கொண்டாள், அவ்வளவுதான். இன்று காலை அதைச் ‘சின்னப் பிழை’ என்றும் எழுதினாள்.

“நிலவழகன்,” என்றாள்.

மதுரைவீரன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எதுவுமே இல்லாத வலது கையின்மேல் போட்டு மூடிக்கொண்டார்.

அவருக்கும் ஒரு காது இருக்கிறது என்று பொற்கொடி நினைத்தாள். துண்டுக்கு அடியில் இருக்கிறது.

“கட்டுன பொஞ்சாதிகிட்டச் சொல்லாம விப்பானா மேடம்? என்னத்துக்கு?” என்றான் பெலிக்ஸ். இந்தமுறை குரலில் கிண்டல் இல்லை.

தடுப்பு மறுபடி அதிர்ந்தது. காரி கொம்பைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது. அந்தக் கொம்பின் உயரத்தைப் பொற்கொடி தன் உடம்போடு வைத்துப் பார்த்தாள். தலையை ஒருதடவை தூக்கி ஆட்டினால் சரியாகத் தோள்பட்டை.

“செங்கமலத்தக்கா படியில வழுக்கல,” என்றாள். “அவங்க வீட்டுக்குப் படியே இல்ல பெலிக்ஸ். தரையோட தரையாத்தான் வாசல். ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் தலையாட்டிட்டு வந்தேன்.”

மதுரைவீரன் ஒரு பிடி வைக்கோலை உருவித் தடுப்புக்குள் போட்டார்.

“வித்த ஆளு யாருன்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றார் மதுரைவீரன். “ஆனா ஒண்ணு சொல்றேன். அழுதுக்கிட்டே மாடு வித்த ஆம்பளைய நான் பாத்ததில்ல. ‘விக்கச் சொன்னா விக்க மாட்டேங்குறா. இந்தத் தடவை தோளு. அடுத்த தடவை எங்க குத்துமோ’ன்னான். விலையக்கூட ஒழுங்காக் கேக்கல. கை அப்படி நடுங்குச்சு துண்டுக்குள்ள.”

“அவங்களுக்குத் தெரிஞ்சா?”

“அது உங்க பாடு. வித்த ஆளே வந்து, வீட்டுல நிக்கிற கயித்தக் கொண்டாந்து என் கையில குடுத்தான்னா, வியாபாரம் முறிஞ்சுச்சுன்னு அர்த்தம். மாட்டைப் புடிச்சுட்டுப் போகலாம். தேனிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். கயிறு வரலைன்னா, வண்டி வரும்.”

திரும்பும் வழியில் பெலிக்ஸ் மெதுவாகவே ஓட்டினான்.

“ஜெயிச்சுட்டீங்க மேடம்,” என்றான், பழைய அரண்மனைச் சுவரை ஒட்டித் திரும்பும்போது.

“ஜெயிச்ச மாதிரியா இருக்கு?”

“இல்ல. எனக்கும் இல்ல.” சிறிது தூரம் போனபின், “பேசாம, மாடு கிடைக்கவே இல்லன்னு சொல்லிட்டா? அந்தாளு பாவம், அந்தக்கா பொழைச்சிருக்கணும்னுதான செஞ்சாரு. தேனியில நல்லா வச்சுக்குவாங்க,” என்றான்.

“அந்தக்கா தினமும் பருத்திக்கொட்டை ஊறப்போடுது பெலிக்ஸ்.”

“அதுவும் சரிதான்.”

“அப்புறம், கிடைக்கலன்னு என்னால சொல்ல முடியுமா? காதைப் பாரு.”

அவன் கண்ணாடியில் பார்த்தான். நினைத்ததற்கே சிவந்திருந்தது.

பாத்திரக்கடை அடைக்கப்பட்டிருந்தது. மாடியறையில் விளக்கைப் போட்டு, காலையில் எழுதிய பக்கத்தைத் திறந்தாள். ‘முடிவு மாறாது’ என்ற இரண்டு சொற்களை அடித்தாள். அடித்தது தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, அடியில் எழுதினாள்:

நாளை செய்ய வேண்டியது. காலை முதல் பஸ்ஸில் அன்னவாசல் போவது. காரி உயிரோடு இருக்கிறான் என்பதைச் செங்கமலத்திடம் வாசலிலேயே முதலில் சொல்லிவிடுவது. தோளில் எப்படி அடிபட்டது என்று நிலவழகன் எதிரிலேயே கேட்பது. பதிலை நான் சொல்லாமல் அவர்கள் இருவரும் பேசும்வரை காத்திருப்பது. மாடு திரும்ப வேண்டும் என்று இருவரும் சொன்னால், ஆணியில் தொங்கும் கயிற்றை நிலவழகனையே எடுக்கச் சொல்லி, தேனி வண்டி வருவதற்குள் திருக்கோகர்ணம் அழைத்து வருவது. துப்பட்டாவால் காதை மூடக் கூடாது.